உளநலச் சேவையும் உழைப்பின் விலையும்: துணைக்கண்ட அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

உளநோய்ச் சிகிச்சை தொடர்பாக அண்மைக் காலத்தில் வெளிவரும் அறிக்கைகளிலும் திட்ட வரைவுகளிலும் மூன்று அடைமொழிகள் இணைபிரியாது வருதலைக் காணலாம். சேவையானது பயன் தருவதாயிருத்தல் வேண்டும். செலவு தாங்கக்கூடியதாயிருத்தல் வேண்டும். பல தரத்தினரும் கூடிச் செய்யும் கூட்டுச் சேவையாயிருத்தல் வேண்டும் என்பன அவை. இவற்றை மறுப்பார் எவருமிலர். சர்வதேச நிதி நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன, தொண்டு நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன, முற்போக்காளரும் ஏற்றுக்கொள்கின்றனர். இத்துணை முரண்பட்ட நலன்களைக் கொண்டோர் ஒரே சொல்லிற் சங்கமிக்கும்போது அச்சொல்லின் உட்கிடை யாது என வினவுதல் ஆய்வாளர் கடமையாகின்றது. செலவு தாங்கக்கூடியது எனில், யாராற் தாங்கக்கூடியது? கூட்டு எனில், அக்கூட்டில் யார் எத்தகைய உழைப்பைத் தருகின்றனர்? அவ்வுழைப்புக்கு ஊதியம் பெறுவோர் யார், பெறாதோர் யார்?

இவ்வினாக்களைத் துணைக்கண்ட அனுபவத்தை, குறிப்பாக இந்திய அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு நோக்குவதே எமது கருத்தாகும். கூட்டு உளநலச் சேவை என்பது மேனாட்டில் உருவாகிக் கீழ்நாட்டுக்கு வந்த புதுமை எனக் கருதுவோர் உளர். அஃது அத்துணை நேர்கோட்டு வரலாறன்று. பெயரின்றியும் கோட்பாடின்றியும் இங்கு நடைபெற்ற முயற்சிகள் மேனாட்டு முயற்சிகளுக்குப் பல்லாண்டு முந்தியவை.

நாம் மருத்துவரல்லேம். இலக்கிய வரலாற்றைப் பயில்வோர்க்கு இத்துறையில் என்ன அலுவல் என வினவுவோருக்கு ஒன்று கூறலாம். பித்து என்னும் சொல் பக்தி இலக்கியத்திலே இறைவனுக்கும் அடியார்க்கும் உரிய உயர்வழக்காயிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சட்டத்திற்கும் சிறைக்கும் காவலுக்கும் உரிய சொற்றொகுதியினுள்ளே அடைக்கப்பட்டமை ஒரு மொழி வரலாற்றுச் செய்தி மாத்திரமன்று. ஆட்சி மாற்றத்தின் விளைவுமாகும்.

2

கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து முடியாட்சியின் கைக்கு இந்தியா மாறிய 1858 ஆம் ஆண்டிலேயே புகலிடங்கள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டமை தற்செயலானதன்று. தெருவில் அலைவோரை, வேலைக்கு ஆகாதோரை, பொது அமைதியைக் குலைப்போரெனக் கருதப்பட்டோரை ஓரிடத்தில் அடைத்து வைத்தலே அதன் முதல் நோக்கமாயிருந்தது. 1912 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வமைப்பைத் திருத்தியமைத்தது. 1920 களிற் புகலிடங்கள் உளநோய் வைத்தியசாலைகள் எனப் பெயர் பெற்றன. பெயர் மாறியபோதும் வர்க்க, இனப் பாகுபாடு மாறவில்லை. ராஞ்சியில் ஐரோப்பியர்க்கெனத் தனி வைத்தியசாலை 1918 இல் திறக்கப்பட்டது என்பதொன்றே இதனை விளக்கப் போதும்.

இவ்வமைப்பின் கணக்கு 1946 இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கையிலே தெளிவாகத் தெரிகின்றது. சேர் ஜோசப் போர் தலைமையிலான அக்குழு, ஆயிரம் பேருக்கு இருவர் என்னும் விகிதத்திற் கணித்தாற்கூட 8 இலட்சம் படுக்கைகள் தேவை என்றும், நாடு முழுவதிலும் உள்ளவை 10,000 இற்குச் சற்றே கூடியவை என்றும் எடுத்துக் காட்டியது. இங்கிலாந்திலே ஏறத்தாழ 300 பேருக்கு ஒரு படுக்கை. இந்தியாவிலே 40,000 பேருக்கு ஒன்று.

இவ்வெண்கள் காலனித்துவத்தின் மீதான குற்றப்பத்திரிகையாகப் பின்னர் பலராலும் எடுத்தாளப்பட்டன. அது நியாயமே. ஆயின் இக்கணக்கில் மறைந்து நிற்கும் ஒன்றையும் நாம் மனங்கொளல் வேண்டும். குழுவின் அளவுகோல் படுக்கை. படுக்கை கிடைக்காத ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் எங்கிருந்தனர்? அவர்கள் வெளியில் மிதந்துகொண்டிருக்கவில்லை. வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் தர்காக்களிலும் இருந்தனர். அவர்களுக்கு உணவூட்டியோரும் குளிப்பாட்டியோரும் இரவிற் காவலிருந்தோரும் தாயர், மனைவியர், சகோதரியர். துணைக்கண்டத்தின் உளநலச் சேவையிற் பெரும்பகுதி அன்றும் இவர்களாலேயே நடத்தப்பட்டது. அறிக்கையில் அவர்களுக்கு ஒரு பத்தியும் இல்லை.

3

பிரிவினையின்போது நிலமும் நூலகங்களும் அலுவலக மேசைகளும் பங்கிடப்பட்டமை போன்றே உளநோயாளரும் பங்கிடப்பட்டனர். லாகூர் உளநோய் வைத்தியசாலையிலிருந்த இந்துக்களும் சீக்கியரும் 1950 இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். இந்தியாவிலிருந்த முஸ்லிம் நோயாளர் பாகிஸ்தானுக்கு அனுப்பப்பட்டனர். சாதத் ஹசன் மண்ட்டோவின் புகழ்பெற்ற ‘தோபா தேக் சிங்’ சிறுகதை இந்நிகழ்ச்சியை அடியாகக் கொண்டது. மண்ட்டோ தாமும் அவ்வைத்தியசாலையிற் குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. இலக்கிய மாணவர் பலர் இக்கதையுடன் நின்றுவிடுகின்றனர். எல்லைக்கு இப்பாலே வந்து சேர்ந்தோர் பின் என்னாயினர் என்பதை எவரும் வினவுவதில்லை.

லாகூரிலிருந்து வந்தோரிற் பெரும்பாலோர் அமிர்தசரஸ் வைத்தியசாலையை அடைந்தனர். இடமோ பற்றாது, ஊழியரோ மிகச் சிலர். அங்கு மேற்பார்வையாளராகவிருந்த டொக்டர் வித்யா சாகர் 1950 களிலே ஒரு வழியைக் கண்டார். வைத்தியசாலை வளவிலே கூடாரங்கள் அமைத்து நோயாளரையும் அவர்தம் குடும்பத்தினரையும் ஒருங்கே தங்கவைத்தார். குடும்பத்தினர் நோயாளரைப் பராமரித்தனர், மருந்து கொடுத்தனர், பிற குடும்பங்களுடன் உரையாடினர். மருத்துவர் அவர்களைக் குழுவாக இருத்தி, நோயின் தன்மையையும் அது தணியக்கூடியதென்பதையும் அவர்கள் அறிந்த கதைகளினூடாகவும் சமய வழக்குகளினூடாகவும் விளக்கினார். நோயாளர் விரைவிற் குணமடைந்து வீடு திரும்பினர். வீட்டார் அவர்களை ஏற்றுக்கொண்டனர் என்பது அதனினும் முக்கியமானது. ஏனெனில் அடைப்பு நிலையங்களின் பெருங்கேடு, உள்ளே சென்றவரின் இடம் வெளியே மூடப்பட்டுவிடுதலேயாகும்.

வேலூரிலே கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உளநல நிலையம் 1957 இல் டொக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் என்பாரால் தொடங்கப்பட்டபோது குடும்பத்தவர் ஒருவர் நோயாளருடன் உடன் தங்குதல் அங்கு ஒழுங்காகவே ஆக்கப்பட்டது. மேனாட்டு உளமருத்துவம் அக்காலத்திலே குடும்பத்தை நோய்க்குக் காரணமாகக் கண்டு நோயாளரை அதனின்றும் பிரித்துவைக்க முயன்றுகொண்டிருந்தமையை நினைவிற் கொண்டால், இவ்விரு முயற்சிகளின் துணிவு விளங்கும்.

இவற்றை வியந்து பாராட்டிய எழுத்துக்கள் பல. அவை குடும்பத்தை ‘இந்தியப் பண்பாட்டின் செல்வம்’ எனப் போற்றுகின்றன. நாம் இவ்விடத்தில் சற்று நிதானிக்க விரும்புகின்றோம். அமிர்தசரஸின் கூடாரங்கள் பண்பாட்டு ஆராய்ச்சியின் விளைவல்ல. ஊழியரும் கட்டடமும் இன்மையின் விளைவு. அரசு ஊதியங் கொடுத்து அமர்த்தியிருக்க வேண்டிய தாதியின் வேலையைக் கூடாரத்திலிருந்த தாய் செய்தாள். அறுவடைக் காலத்திலே குடும்பத்தில் ஒருவர் வாரக்கணக்கில் வளவிலே தங்குவதாயின், இழந்த கூலி யாருடைய கணக்கிற் சேரும்? விடுதலைத் தன்மையும் சுமைமாற்றமும் ஒரே செயலின் இரு முகங்களாய் இருந்தன. இம்முரண்பாட்டை உணராது அம்முயற்சியைப் புகழ்தலும் பிழை. இதனைக் காட்டி அதனை இகழ்தலும் பிழை. சங்கிலியிலிருந்தும் தனிச் சிறையிலிருந்தும் நோயாளரை மீட்டது அதுவேயாகும்.

4

1975 இற்குப் பின்னரே இம்முயற்சிகள் அரச கொள்கை என்னும் வடிவத்தை நோக்கி நகர்ந்தன. பெங்களூரிலிருந்த அகில இந்திய உளநல நிறுவகம் 1974 இல் தேசிய உளநல நரம்பியல் அறிவியல் நிறுவகமாக மாற்றமடைந்ததை அடுத்து, அதன் கிராமியப் பரிசோதனை சகலவாராவில் தொடங்கியது. அதே காலத்திற் சண்டிகாரின் முதுநிலை மருத்துவ நிறுவகம், பேராசிரியர் என். என். விக் முன்னின்று நடத்த, ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியில் மற்றொரு பரிசோதனையை மேற்கொண்டது. பின்னையது உலக சுகாதார தாபனம் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வின் ஒரு பகுதி. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சாதாரண மருத்துவருக்கும் வீடுவீடாகச் செல்லும் சுகாதார ஊழியருக்கும் சில வாரப் பயிற்சியளித்தால், கடும் உளநோய்களையும் வலிப்பையும் அவர்கள் இனங்கண்டு, குறைந்த எண்ணிக்கையான எளிய மருந்துகளாற் சிகிச்சையளிக்க இயலுமா என்பதே ஆய்வின் வினா. இயலும் என்பதே விடை.

1978 இன் அல்மா-அட்டா மாநாடு ஆரம்ப சுகாதாரத்தை உலகளாவிய முழக்கமாக்கியது. 1982 இல் இந்தியா தேசிய உளநலத் திட்டத்தை ஏற்றது; வளர்முக நாடுகளில் இத்தகைய திட்டம் கண்ட முதல் நாடுகளில் அதுவும் ஒன்று. 1985 முதல் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், ஏறத்தாழ 20 இலட்சம் மக்களிடையே, அது செயலிற் பரிசோதிக்கப்பட்டது. வந்து சேர்ந்தோரில் வலிப்பு நோயாளர் கணிசமானோர். அதுவரை உளநோய் என்றும் பேய் என்றும் சாபம் என்றும் ஒதுக்கப்பட்டவர்களுக்கு மிக மலிவான மாத்திரைகளால் வாழ்வு மீண்டது. அது சிறு சாதனையன்று.

பெல்லாரியை முன்மாதிரியாகக் கொண்டு 1996 இல் நான்கு மாவட்டங்களில் மாவட்ட உளநலத் திட்டம் தொடங்கப்பட்டது. 2002 அளவில் அது 27 மாவட்டங்களுக்குப் பரவியது. பரவப் பரவ அது மெலிந்தது. நிதி செலவாகாமலே திரும்பியது. உளமருத்துவர் பதவிகள் வெறுமையாகக் கிடந்தன. பயிற்சி பெற்ற மருத்துவர் இடமாற்றம் பெற்றனர். மருந்து வராத மாதங்களில் நோயாளரும் வரவில்லை. உத்தரப்பிரதேசத்தில் இத்திட்டத்தைக் கள ஆய்வு செய்த சுமீத் ஜெயின், சுஷ்ருத் ஜாதவ் ஆகியோர் 2009 இல் எழுதிய கட்டுரை, கொள்கையை மாத்திரை விழுங்கிவிட்டது என்னும் பொருள்படத் தலைப்பிடப்பட்டது. சமூகப் பங்கேற்பு என எழுத்திற் கிடந்தது, களத்தில் வரிசையில் நிற்போருக்கு மாத்திரை வழங்குதலாய்ச் சுருங்கியது என்பதே அவர்தம் முடிபு.

இதற்கு அதிகாரிகளின் அசிரத்தையே காரணம் எனக் கூறி அமைதல் போதாது. பெல்லாரியில் மருந்தும் பயிற்சியும் மாத்திரம் இருக்கவில்லை. பெங்களூர் நிறுவகத்திலிருந்து நிபுணர் இடையறாது வந்து சென்றனர். ஐயம் எழுந்தால் வினவுதற்கு ஆள் இருந்தது. பதிவேடுகள் மீளப் பார்க்கப்பட்டன. வராத நோயாளரைத் தேடி ஊழியர் சென்றனர். இவையெல்லாம் உழைப்பு. திட்டம் நாடளாவிய ஒன்றாக மாறியபோது பயிற்சி என்னும் ஒருமுறைச் செலவு ஏற்கப்பட்டது. தொடர்பு என்னும் தொடர்செலவு விடுபட்டுப் போயிற்று. இது திட்டம் எழுதியோரின் மறதி எனக் கூறுதலினும், கூட்டு என்பதை ஒரு மனப்பான்மையாகக் கருதி அதனை ஒரு வேலையாகக் கருதாத சிந்தனையின் விளைவு எனக் கூறுதல் பொருந்தும்.

திட்டம் எட்டாத இடங்களில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு ஏர்வாடி சான்று. இராமநாதபுர மாவட்டத்தின் அத்தலத்திலே, தர்காவை நாடி வந்தோரைப் பணம் பெற்றுப் பராமரித்த தனியார் விடுதியொன்றில் 2001 ஓகஸ்ட் 6 அதிகாலை தீ மூண்டது. சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி 28 பேர் இறந்தனர். செய்தித்தாள்கள் மூடநம்பிக்கையைக் கண்டித்தன. மூடநம்பிக்கை மாத்திரமே காரணமாயின் கண்டனம் போதுமாயிருந்திருக்கும். அவ்விடுதிகளுக்குத் தம் உறவினரை அனுப்பியோர் பலர், ஆண்டுக்கணக்காகத் தாமே பராமரித்து, வைத்தியசாலைகளில் அலைந்து, கடன்பட்டு, ஈற்றில் இயலாது போனவர்கள். ஊதியமில்லாத உழைப்புக்கும் ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லையில் நின்றது அந்தச் சங்கிலி.

5

இனி மேனாட்டுப் பக்கம் சற்றுத் திரும்புவோம். இன்று கூட்டுச் சேவை என்னும் பெயராற் சிறப்பாகக் குறிக்கப்படும் முறை ஐக்கிய அமெரிக்காவின் சியாற்றில் நகரில் உருவாயிற்று. அதன் பிறப்பிடம் பற்றி மருத்துவ இதழ்கள் போகிறபோக்கிற் குறிப்பிடும் ஒரு செய்தி எமக்கு முக்கியமானது. டொக்டர் வேய்ன் கேற்றனும் சகபாடிகளும் 1990 களில் தம் முதற் பரிசோதனைகளை நடத்தியது குறூப் ஹெல்த் கூட்டுறவுச் சங்கத்தின் கிளினிக்குகளில். இச்சங்கம் 1947 இல் விவசாயிகளும் விமானத் தொழிற்சாலைத் தொழிற்சங்கத்தினரும் நுகர்வோர் கூட்டுறவாளரும் சேர்ந்து நிறுவியது. மருத்துவர் சங்கம் இதனைக் கடுமையாக எதிர்த்தது. இதிற் பணிபுரிந்த மருத்துவரை ஒதுக்கியது. 1951 இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கூட்டுறவின் பக்கம் தீர்ப்பளித்தது. நோயாளர் ஒவ்வொருவரின் வருகைக்கும் கட்டணம் அறவிடும் தனியார் முறையில், வராத நோயாளரைத் தேடிச் செல்வதால் இலாபமில்லை. உறுப்பினர் அனைவரின் உடல்நலத்துக்கும் முன்கூட்டியே பொறுப்பேற்ற ஒரு சங்கத்திலேயே அக்கேள்வி இயல்பாக எழக்கூடும். 2017 இல் அக்கூட்டுறவு பெரிய நிறுவனமொன்றினால் உள்வாங்கப்பட்டமை வேறு கதை.

முறை எளியது. மனச்சோர்வுக்கு ஆளானவரைக் குடும்ப மருத்துவர் பார்ப்பார். தாதி அல்லது அதற்கெனப் பயின்ற ஒருவர் நோயாளருடன் தொடர்ந்து பேசி, நிலைமையை ஓர் அளவைத்தாளில் அளந்து, பதிவேட்டிற் குறிப்பார். உளமருத்துவர் ஒருவர் வாரந்தோறும் அப்பதிவேட்டை அவருடன் இருந்து நோக்கி, முன்னேற்றமில்லாதோருக்கு என்ன செய்யலாமெனக் கூறுவார். உளமருத்துவர் பெரும்பாலான நோயாளரைக் காண்பதேயில்லை. 2002 இல் வெளியான பெரும் பரிசோதனையொன்றில், 18 கிளினிக்குகளைச் சேர்ந்த 1,801 முதியோரிடையே, ஓராண்டு முடிவில் இம்முறையிற் பராமரிக்கப்பட்டோரில் 45 வீதத்தினரிடமும், வழமையான பராமரிப்புப் பெற்றோரில் 19 வீதத்தினரிடமும் நோய்க்குறிகள் பாதியோ அதற்கு மேலோ குறைந்தன. நான்கு ஆண்டுகள் சென்று கணக்கிட்டபோது முன்னையோருக்கான மொத்த மருத்துவச் செலவும் குறைவாகவே இருந்தது. இதற்கு மாறாக, இங்கிலாந்தின் ஹாம்ஷயரில் குடும்ப மருத்துவருக்குக் கல்வி புகட்டுவதுடன் நின்ற பரிசோதனை 2000 இல் வெளியானபோது எத்தகைய பயனையும் காட்டவில்லை. பெல்லாரிக்கும் அதன் வழித்தோன்றல்களுக்கும் இடையிலான வேறுபாட்டை இவ்விரு பரிசோதனைகளும் தம்மையறியாமலே விளக்குகின்றன.

6

இம்முறையைத் துணைக்கண்டச் சூழலுக்கு இயைபாக்கிய முயற்சிகளுள் கோவாவில் நடந்தது தலையாயது. 1996 இல் நிறுவப்பட்ட சங்காத் என்னும் அமைப்பும் விக்ரம் பட்டேலும் சகபாடிகளும் நடத்திய ‘மானஸ்’ பரிசோதனையின் முடிவுகள் 2010 இல் வெளியாயின. 12 அரச ஆரம்ப சுகாதார நிலையங்கள், 12 தனியார் மருத்துவர் நிலையங்கள், 2,796 நோயாளர் என அதன் வீச்சு அமைந்தது. உளமருத்துவக் கல்வி பெறாத உள்ளூர்ப் பெண்கள் உளவளத்துணையாளராகப் பயிற்றப்பட்டனர். நோயாளர் தலையிடி, உடல் நோவு, உறக்கமின்மை, பெலவீனம் என்றே முறையிட்டு வந்தனர்; துணையாளரும் அம்மொழியிலேயே தொடங்கினர். யாழ்ப்பாணத்திலே ‘யோசினை கூடிப்போச்சு’ என்னும் தொடரும், சிம்பாப்வேயின் சோனா மொழியிலே ‘மிகையாய் யோசித்தல்’ எனப் பொருள்படும் ‘குஃபுங்கிசிசா’ என்னும் சொல்லும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. நோய்க்கு மக்கள் இட்ட பெயரை அறியாமை எனத் தள்ளாது அதிலிருந்தே உரையாடலைத் தொடங்குதல், சிகிச்சை முறையின் ஒரு பகுதியாகவே மாறியது.

முடிவு சுவையானது. அரச நிலையங்களில், கூட்டுச் சேவை பெற்ற நோயாளரில் ஏறத்தாழ 66 வீதத்தினர் ஆறு மாதத்திற் குணமடைந்தனர், பெறாதோரில் 42.5 வீதத்தினரே குணமடைந்தனர். தனியார் நிலையங்களிலோ பெற்றோரில் 64 வீதம், பெறாதோரில் 66 வீதம், வேறுபாடில்லை.

இதனை அரசதுறையின் வெற்றி, தனியார் துறையின் தோல்வி என வாசிக்க எம்போன்றோர்க்கு ஆசை எழுதல் இயல்பு. எண்கள் அதற்கு இடந்தரவில்லை. தனியார் மருத்துவரிடம் சென்றோர் கூட்டுச் சேவையின்றியும் குணமடைந்தனர். அங்கு அவரை அறிந்த ஒரு மருத்துவர் இருந்தார். சிறிது நேரமும் இருந்தது. அரச நிலையத்தின் நீண்ட வரிசையில் நின்ற ஏழைக்கு இவ்விரண்டும் இல்லை. துணையாளரின் வருகை, பணம் கொடுப்போருக்கு ஏற்கெனவே கிடைத்துவந்ததை, கொடுக்கவியலாதோருக்கும் கிடைக்கச் செய்தது. காட்டப்பட்டது தனிச் சிறப்பான நுட்பமொன்றன்று. ஓர் ஏற்றத்தாழ்வு சமப்படுத்தப்பட்டமையே எனக் கொள்ளலாம். பயன் என்பதை நோய்நீக்கத்தின் அளவால் மாத்திரம் அளப்போர் இதனைத் தவறவிடுவர்.

பாகிஸ்தானின் ராவல்பிண்டியை அண்டிய கிராமங்களில் 2008 இல் வெளியான ஆய்வும் இதனோடு எண்ணத்தக்கது. கர்ப்பிணிகளிடையே மனச்சோர்வுக்கு ஆளானோரை, அரசின் ‘லேடி ஹெல்த் வேர்க்கர்’ எனப்படும் பெண் ஊழியர் வீடு சென்று சந்தித்து உரையாடினர். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் அவ்வாறு சந்திக்கப்பட்டோரில் 23 வீதத்தினரே மனச்சோர்வுற்றிருந்தனர். ஏனையோரில் 53 வீதத்தினர்.

7

எம்மவரிற் சிலர் இம்முயற்சிகள் அனைத்தையுமே ஐயத்துடன் நோக்குவர். வறுமையையும் நிலமின்மையையும் வேலையின்மையையும் தனிமனிதரின் உளநோயாகப் பெயர் மாற்றி மாத்திரையும் ஆறுதலும் வழங்குதல் ஏகாதிபத்திய உத்தி என்பது அவர்தம் வாதம். சைனா மில்ஸ் 2014 இல் எழுதிய நூல் இவ்வாதத்தைத் திறம்பட முன்வைக்கின்றது. கடனால் உறக்கமிழந்த விவசாயிக்குக் கடன் நீக்கமே முதல் மருந்து என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் இவ்வாதத்தைச் சிகிச்சையே வேண்டாம் என்னும் எல்லைக்கு இழுத்துச் செல்வோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. 2015–16 இல் 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட இந்திய தேசிய உளநல ஆய்வு, நோய்வகைக்கேற்ப 70 முதல் 92 வீதம் வரையானோர் சிகிச்சையின்றி இருந்தமையைக் காட்டியது. அவர்களிற் பெரும்பாலோர் உழைக்கும் மக்கள். செல்வர் எவரும் கோட்பாட்டுக் காரணத்துக்காக உளமருத்துவரைத் தவிர்த்ததாக நாம் கேள்விப்படவில்லை. உளநோயைப் புரட்சிக்குப் பிந்திய அலுவலாக ஒத்திவைத்த இடதுசாரி மரபு, அக்காலம் வரையிலான சுமையைப் பெண்களின் தோளில் இறக்கிவைத்தது என்பதையும் கூறாதிருத்தல் இயலாது.

இடதுசாரி மரபிலும் வேறொரு முன்மாதிரி உண்டு. பிராங்கோ பசாலியா 1971 முதல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் உளநோய் வைத்தியசாலையைப் படிப்படியாகக் கலைத்தார். 1978 மே 13 இன் 180 ஆம் சட்டம் புதிய உளநோய் வைத்தியசாலைகளுக்குத் தடை விதித்தது. வைத்தியசாலையின் பணமும் ஊழியரும் நகரத்து உளநல நிலையங்களுக்கு மாற்றப்பட்டமையே திரியெஸ்தேயில் நாம் கவனிக்க வேண்டியது. நிலையங்கள் இரவு பகலாகத் திறந்திருந்தன. ஊதியமின்றி வைத்தியசாலை வேலைகளைச் செய்துவந்த நோயாளர், 1970 களின் தொடக்கத்திலேயே கூட்டுறவொன்றாக அமைந்து அதே வேலைக்குக் கூலி பெற்றனர். அங்கு சிக்கனம் கூலியைக் குறைத்து வந்ததன்று. சுவரைப் பராமரிக்கும் செலவை மனிதரைப் பராமரிக்கும் செலவாக மாற்றியதால் வந்தது. சட்டத்தைப் பின்பற்றியும் பணத்தை மாற்றாத பிற இத்தாலிய மாவட்டங்களிற் சுமை மீளவும் வீடுகளையே சேர்ந்தது.

8

மானஸ் போன்ற பரிசோதனைகள் மலிவானவை எனக் காட்டப்படும்போது அம்மலிவின் கூறுகளைப் பிரித்து நோக்குதல் அவசியம். ஒரு பகுதி மெய்யான சிக்கனம். நோய் அறியப்படாது, தலையிடிக்கும் நோவுக்குமாக மருத்துவர் பலரிடம் அலைந்த செலவு குறைகின்றது. இழந்த வேலை நாட்கள் மீள்கின்றன. மற்றொரு பகுதி, வேலையைச் செய்வோர் குறைந்த ஊதியம் பெறும் பெண்கள் என்பதனால் வருவது. உழைப்புச் சக்தியின் மறு உற்பத்தி பெண்களின் ஊதியமற்ற உழைப்பிலே தங்கியிருத்தலை 1970 களில் இத்தாலியிலும் பிரித்தானியாவிலும் எழுந்த வீட்டுவேலைக்கு ஊதியம் கோரிய இயக்கத்தினர் சுட்டிக்காட்டினர். கூட்டு உளநலச் சேவையில் அவ்வுழைப்பு வீட்டிலிருந்து கிராமத்துக்கு வெளிவருகின்றது. ஆனால் அதன் விலை வீட்டிலிருந்தபோது இருந்த விலையையே பெரும்பாலும் ஒத்திருக்கின்றது.

ராவல்பிண்டி ஆய்வின் நாயகியரான லேடி ஹெல்த் வேர்க்கர்கள் குறைந்தபட்சக் கூலிக்காகவும் நிரந்தர நியமனத்துக்காகவும் தெருவிலும் நீதிமன்றத்திலும் ஆண்டுக்கணக்காகப் போராடினர். அவர்களின் உரையாடல் எத்துணை பயனளித்தது என்பது அளக்கப்பட்டது. அவர்களின் ஊதியம் அவர்களின் சொந்த உளநலத்தை எவ்வாறு பாதித்தது என்பது ஆய்வின் வினாவாக அமையவில்லை.

இலங்கையர்க்கு இங்கு ஓர் ஒப்பீடு தோன்றுதல் இயல்பு. 1926 இல் களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த எமது பொதுச் சுகாதார மருத்துவமாதர் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள அரச ஊழியர். தாய் சேய் நலத்தில் இந்நாடு பெற்ற பெயரை இவர்களை விலக்கி விளக்க முடியாது. கிராம மட்டத்தில் உளநல வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்னும் விவாதங்களிலே, நிரந்தர ஊழியரின் எண்ணிக்கையைக் கூட்டுவதா, கொடுப்பனவு பெறும் தொண்டர்களைச் சேர்ப்பதா என்பதே மைய வினா. ஆழிப்பேரலைக்குப் பின்னரும் போருக்குப் பின்னரும் வெளிநாட்டு நிதியில் வந்த உளசமூகத் திட்டங்களின் அனுபவம் இதனைத் தெளிவாகவே உணர்த்துகின்றது. நிதி முடிந்தபோது, பயிற்றப்பட்ட தொண்டரும் கலைந்தனர்.

இந்தியாவிலே 2005 இல் உருவாக்கப்பட்ட ஆஷா ஊழியர் ஏறத்தாழ 10 இலட்சம் பெண்கள். 2018 முதல் விரிவாக்கப்பட்ட ஆரம்ப சுகாதாரத் திட்டத்திலே உளநோயாளரை இனங்காணுதலும் அவர்தம் பொறுப்புக்களிற் சேர்க்கப்பட்டது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் தொழிலாளரல்லர், தொண்டர். பெறுவது சம்பளமன்று, மதிப்பூதியமும் செய்த வேலைக்கான ஊக்கத்தொகையும். 2022 மே மாதத்தில் உலக சுகாதார தாபனம் அவர்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் விருதை வழங்கியது. 2025 பெப்ரவரி 10 இல் கேரளத்தின் ஆஷா ஊழியரில் ஒரு பகுதியினர் திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தனர். 7,000 ரூபாவாகவிருந்த மாத மதிப்பூதியத்தை 21,000 ரூபாவாக்குதல் அவர்தம் முதற் கோரிக்கை. அப்போது அங்கு ஆட்சியிலிருந்தது இடது சனநாயக முன்னணி. ஆஷா மத்திய அரசின் திட்டம், அவர்களைத் தொழிலாளராக அங்கீகரிக்க வேண்டியது மத்திய அரசே என்பது அவ்வரசின் மறுமொழி. அம்மறுமொழியில் உண்மையுண்டு. பெண்கள் எழுந்து செல்லவில்லை. மாதக்கணக்கில் அவ்விடத்திலேயே இருந்தனர். அவர்களிற் சிலர் தலைமயிரை மழித்தனர்.